சர்க்கார் வக்கீலும் நமது பிள்ளைகளும்

(நமது சங்கத்தின் ஓசூர் தாலுகாக் கூட்டத்தில் செய்யப்பட்ட உபந்நியாசம்)

   

இன்றைய நிகழ்ச்சி நிரலில் நமது பிரசங்கத்திற்குச் "சட்ட அறிவு" என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். சட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடனே எழுந்துபோக எத்தனிப்பவர் சிலர் உண்டு. பாகவழக்கும் வரப்புத் தகராறும் பேசப்படுமென்று ஆவலோடு உட்கார்ந்திருப்பவர் வேறு சிலர். இவ்விரு திறத்தாருக்கும் ஏமாற்றமே. குற்ற வழக்குகளைச் சர்க்கார் தரப்பில் நடத்தும் வக்கீல்மார் கோர்ட்டு வாசலைவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்கும் கிராமச் சாவடிக்கும் வந்து நம் பிள்ளைகளோடு பேசுகின்ற காரியத்தைப் பற்றியே நாம் சொல்லப்போகிறோம். அதனால் நமது சமூகத்திற்கு வரும் பிரயோஜனம் யாது, அதில் நமது கடமை யாது என்பனவும் இதில் அடங்கும்.

சர்க்கார் வக்கீல் என்பவர் யார்? நம்மவரில் பலர் அவரைப் போலீசாரின் ஆள் என்று எண்ணுகிறார்கள். பழைய நாட்களில் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுகளில் போலீஸ் உத்தியோகஸ்தரே வழக்கு நடத்தி வந்தபடியால் அவ்வெண்ணம் வேரூன்றியது இயல்பே. ஆனால் 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அவ்விரு வேலைகளையும் பிரித்துவிட்டது. மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் உதவி அரசு வக்கீலும் செஷன்ஸ் கோர்ட்டில் அரசு குற்றத்துறை வக்கீலும் நியமிக்கப்படலாயினர். 2005-ஆம் வருஷத்தில் செய்யப்பட்ட திருத்தம், குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககம் என்ற தனி இலாகாவுக்கு இடமளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நாகரிக சுரக்ஷா சன்ஹிதை, ஜில்லாதோறும் அவ்வியக்ககத்தின் கிளை ஏற்படலாம் என்று மேலும் ஒரு படி சென்றிருக்கிறது. புலன் விசாரிப்பது போலீசார் வேலை. விசாரித்ததை நியாயாதிபதி முன் உள்ளபடி வைப்பது வக்கீலின் வேலை. எதிரியை எவ்விதத்திலேனும் சிறைக்கு அனுப்பிவிடுவதே அவர் தொழில் என்பது பிழை. எதிரிக்குச் சாதகமான பத்திரம் கையில் இருப்பின் அதையும் மறையாமல் வைக்கக் கடமைப்பட்டவர் அவர். இஃது எல்லா நாளும் எல்லா இடத்தும் இப்படியே நடந்து வருகிறதென்று நாம் சாதிக்க வரவில்லை. அவருக்கு விதிக்கப்பட்ட முறை இதுவென்றே சொல்கிறோம்.

அத்தகையவர் பள்ளிக்கூடத்திற்கு ஏன் வரவேண்டும்? இக்கேள்விக்கு அமெரிக்க தேசத்தார் நமக்கு முன்னே ஒரு விடை கண்டிருக்கின்றனர். நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் 1990-ஆம் வருஷத்திலும், லாஸ் ஏஞ்சலிஸில் 1993-ஆம் வருஷத்திலும், அங்குள்ள ஜில்லா வக்கீல்களின் காரியாலயங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே பாடத்திட்டம் வகுத்தன. கொலை வழக்கும் கொள்ளை வழக்கும் நடத்தும் வக்கீல் வகுப்பறையில் நின்று, களவு என்பது யாது, தோழன் கூப்பிட்டால் எதற்கு உடன்படலாகாது, கண்டதைக் கண்டபடி சொல்வதற்கு ஏன் தைரியம் வேண்டும் என்பனவற்றைச் சிறு பிள்ளைகளோடு பேசுகிறார். பத்து வயதில் இவையெல்லாம் எதற்கு என்று கேட்போமாயின், பதினைந்து வயதில் அப்பிள்ளை எதிரிக் கூண்டிலோ சாட்சிக் கூண்டிலோ வந்து நின்ற பிறகு வக்கீல் செய்யக்கூடியது சொற்பம் என்பதே விடை. அந்நாட்டில் இவ்வுத்தியோகம் பெரும்பாலும் வோட்டினால் கிடைப்பது. ஆகையால் பிள்ளைகளிடம் பேசுவதில் பெற்றோரின் வோட்டும் நினைவில் இருந்திருக்கலாம் என்று குறும்பாகச் சொல்வாரும் உளர். இருக்கட்டும், பாடம் பாடந்தானே.

நம் நாட்டில் இக்காரியம் வேறு வழியாக வந்தது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்தது. ஒவ்வொரு ஜில்லாவிலும் ஜில்லா நியாயாதிபதியைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழு அதன்கீழ் ஏற்பட்டது. ஏழைகளுக்கு இனாமாக வக்கீல் அமர்த்திக் கொடுப்பதோடு, ஜனங்களுக்குச் சட்ட அறிவு புகட்டுவதும் அதன் வேலை. அதன் பேரால் பள்ளிகளில் சட்ட அறிவு மன்றங்கள் நிறுவப்படுகின்றன. கிராமங்களில் முகாம்கள் கூட்டப்படுகின்றன. நியாயாதிபதியும், அரசு வக்கீலும், போலீஸ் உத்தியோகஸ்தரும், சமூக நல அதிகாரியும் ஒரே மேடையில் வந்து பேசுகிறார்கள். அன்றியும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களினின்று காக்கும் 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டத்தின் 43-ஆவது பிரிவு, அச்சட்டத்தைக் குழந்தைகளும் பெற்றோரும் அறியும்படி செய்வது சர்க்காரின் கடமை என்றே விதித்திருக்கிறது. ஆகவே இம்முகாம்கள் எவரும் போனால் போகிறதென்று செய்யும் தயவு அல்ல. கேட்டுப் பெறத்தக்க பாத்தியதை.

நமது ஜில்லாவைச் சற்று நோக்குவோம். 2004 பிப்ரவரி 9-இல் தருமபுரியினின்று பிரிந்து கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாயிற்று. தமிழும், தெலுங்கும், கன்னடமும், உருதுவும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர்கள் நம்முடையவை. ஒருபுறம் சிப்காட் தொழிற்பேட்டையின் மோட்டார், கைக்கடிகார ஆலைகளும், அண்மைக் காலத்தில் எழும்பிய மின்னணு ஆலைகளும். மறுபுறம் தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைகளில் பஸ் போகாத குக்கிராமங்கள். நடுவிலே கர்நாடக எல்லை. ஆலைச் சங்கு கேட்டுத் தாயும் தந்தையும் முறைவேலைக்குப் போய்விட, வீட்டில் தனித்திருக்கும் பிள்ளைகள் எத்தனை! மலையிலே, பெண் வளர்ந்துவிட்டாளே, காவலுக்கு ஆளில்லையே என்று ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் தாய்மார் எத்தனை! இவ்விரு கவலைகளும் வந்து முடியுமிடம் ஒன்றே. அது அவசரக் கல்யாணம்.

இவ்விஷயத்தை நாம் மறைத்துப் பேசப் போவதில்லை. 1929-ஆம் வருஷத்து சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்று வைத்தபோதே நம் முன்னோரில் பலர் மதம் கெட்டது என்று கூட்டம் போட்டனர். 1978-இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்றாயிற்று. பிறகு 2006-ஆம் வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2007 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. இத்தனை வருஷங்கள் கழிந்தும், 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 12.8 பேர் 18 வயது நிரம்புமுன் கல்யாணமானவர்கள். தேசம் முழுமைக்கும் அவ்வெண் 23.3. அகில இந்தியாவினும் நமது மாகாணம் மேல் என்று சமாதானம் அடைவோருக்கு, எட்டில் ஒரு பெண் என்று கணக்கிட்டுப் பார்க்கச் சொல்வோம். இந்தப் பந்தலில் தாய்மார் எட்டெட்டுப் பேராக உட்கார்ந்திருக்கிறார்கள்.

2025 மார்ச்சு மாதத்தில் நடந்ததைப் பத்திரிகைகளில் எல்லோரும் வாசித்திருப்பீர்கள். அஞ்செட்டி மலைப்பகுதியில், ஏழாம் வகுப்புவரை படித்திருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவளினும் இருமடங்கு வயதுடைய ஒருவரோடு கல்யாணம் செய்துவைக்கப்பட்டது. போகமாட்டேன் என்று கதறிய அவளைத் தூக்கிச்சென்ற காட்சியை எவரோ கைப்பேசியில் படம் பிடிக்க, அது நாடெங்கும் பரவிற்று. மணமகனும் அவர் சகோதரரும் மட்டுமின்றி, பெற்ற தாயும் கைதாயினர். அவள் ஊரையும் பேரையும் நாம் சொல்லவில்லை. குழந்தையை இன்னாரென்று அடையாளங் காட்டுவதைப் போக்ஸோ சட்டம் தண்டிக்கிறது. திண்ணையிலே அப்பேரைச் சொல்லித் திரிபவர்கள் இதையும் அறிந்துகொள்வது நலம். நம் மனத்தை வருத்துவது வேறொன்று. வழி நெடுக அவள் அழுதாள், கேட்டவர் பலர். படமெடுத்தவருக்குத் தோன்றிய அளவுகூட மற்றவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. 1098 என்ற எண்ணுக்கு ஒரு கைப்பேசி அழைப்பு, காசு செலவில்லாதது, கல்யாணத்திற்கு முன்னே போயிருந்தால், மாஜிஸ்திரேட்டு தடையுத்தரவு பிறப்பித்திருப்பார்; அவ்வுத்தரவை மீறிச் செய்த கல்யாணம் கல்யாணமே ஆகாது. தாயும் சிறை காண வேண்டியிருந்திராது.

இங்கே எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கெடுபிடி இங்கே அதிகம், பெங்களூர்ப் பக்கத்துக் கோயிலிலே தாலி கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று யோசனை சொல்லும் பெரியவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். அவர்கள் சட்டத்தைத் தலைகீழாக அறிந்தவர்கள். தமிழ்நாட்டில் அமலிலுள்ள 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி குழந்தைத் திருமணம் குற்றமானாலும், அது தானே செல்லாததாகிவிடாது. குழந்தை மேஜராகி இரண்டு வருஷம் முடியுமுன் கோர்ட்டில் மனுச்செய்து ரத்துச் செய்துகொள்ள வேண்டும். கர்நாடகமோ தனக்கென்று ஒரு திருத்தம் செய்து, 2017 முதல் அத்தகைய கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாதது என்று விதித்துவிட்டது. சுப்ரீம் கோர்ட்டும் 2017 அக்டோபர் 11-ஆம் தேதித் தீர்ப்பில் அத்திருத்தத்தை மெச்சியிருக்கிறது. ஆக, தப்பிப்பதற்காக ஜூஜூவாடிச் சாவடியைத் தாண்டுகிறவர், செல்லாத கல்யாணத்தையே தேடிப் போகிறார். இரண்டு ராஜ்யங்களின் போலீசுக்கும் பதில் சொல்லும் பாக்கியமும் அவருக்குக் கிடைக்கிறது.

அத்தீர்ப்பின் முக்கியமான பாகம் இன்னொன்று. 18 வயது நிரம்பாத பெண் மனைவியேயாயினும், அவளோடு கூடுவது பலாத்காரக் குற்றமே என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. புதிய பாரதீய நியாய சன்ஹிதையும் அவ்வாறே. இதனால் விளைவதைக் கேளுங்கள். கல்யாணம் ஊர் அறிய நடக்கிறது. எவரும் வாய் திறப்பதில்லை. எட்டு மாதம் கழித்துப் பெண் கர்ப்பவதியாய் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். வயது கேட்கிறார்கள். 16 என்றால், டாக்டர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தையைக் கர்ப்பவதியாக்கியது கடுங்குற்றம். 2019-ஆம் வருஷத் திருத்தத்தின்பின் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 வருஷம். கைக்குழந்தையோடு அப்பெண் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் நிற்க, புருஷன் சிறையில். சீர் செய்த மாமனார் ஜாமீனுக்கு அலைகிறார். இதை வரவழைத்தது எது? நல்ல இடம் தப்பிப்போய்விடும் என்ற அவசரம். அவ்விடம் எத்தனை நல்ல இடமாயினும் இருபது வருஷச் சிறைக்கு ஈடாகுமா?

இனி நாம் சொல்லப்போவது நமது சங்கத்தைத் தொடுவது. சிலருக்குக் கசக்கலாம், சொல்லாமல் விடுவதற்கில்லை. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவை நம் காரியக் கமிட்டியார் ஒருமுறையேனும் நிதானமாய் வாசிக்க வேண்டும். கல்யாணத்தை ஊக்கியவர், அனுமதித்தவர், அசட்டையால் தடுக்கத் தவறியவர், அதில் கலந்துகொண்டவர், இவர்களுக்கு இரண்டு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெற்றோரையும் போஷகரையும் சொன்னதோடு நில்லாமல், ஸ்தாபனத்தின் அல்லது சங்கத்தின் அங்கத்தினர் என்ற சொற்களையும் அப்பிரிவு சேர்த்திருக்கிறது. அவ்வார்த்தைகளை எழுதியவர்கள் நம்மைப்போன்ற சமூகச் சங்கங்களையும் மனத்தில் வைத்தே எழுதினார்கள் என்று நாம் கருதுகிறோம். நாம் வரன் பதிவேடு நடத்துகிறோம். மண்டபம் வாடகைக்கு விடுகிறோம். முகூர்த்தத்திற்குச் சங்கத்தின் பேரால் மாலையும் வாழ்த்துப் பத்திரமும் அனுப்புகிறோம். மணப்பெண்ணின் வயது நமக்குத் தெரியாது என்று சொல்ல நமக்கு எவ்வளவு வழி இருக்கிறது? இச்சட்டம் பெண்களுக்குச் சிறைத்தண்டனை இல்லையென்று விலக்கு அளித்திருக்கிறது. போக்ஸோ சட்டத்தில் உடந்தையாயிருந்தவருக்கு அவ்விலக்கும் இல்லை.

வயதுக்கு அத்தாட்சி யாது என்பதிலும் நம்மவரிடம் பெருங்குழப்பம். வரன் பதிவுக்கு வருவோர் ஜாதகத்தை நீட்டுகிறார்கள். மிஞ்சினால் ஆதார் அட்டையை நீட்டுகிறார்கள். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு வரிசையாகச் சொல்கிறது: முதலாவது பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, அது இல்லையானால் நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையானால் எலும்புப் பரிசோதனை. ஜாதகம் அவ்வரிசையில் எங்கும் இல்லை. ஆதார் அட்டை பிறந்த தேதிக்கு அத்தாட்சியல்ல என்பதை 2024-இல் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு வழக்கில் எடுத்துக் காட்டியிருக்கிறது. கிரகங்களின் நிலையைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். பள்ளிக்கூடச் சான்றைப் பார்த்த பிறகு பார்க்கட்டும்.

குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாதிருப்பதே ஒரு குற்றம் என்பதும் நம்மவர் அறியாதது. போக்ஸோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. ஸ்தாபனத்தின் பொறுப்பிலிருப்பவர் தம்கீழ் உள்ளவரைப் பற்றி மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது எந்த வழக்கும் வராது. 2024 ஆகஸ்டில் நமது ஜில்லாவில், பர்கூர்ப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில், தேசிய மாணவர் படையின் பேரைப் பொய்யாகச் சொல்லி முகாம் நடத்தியவன் மாணவிகளுக்குத் தீங்கிழைத்த வழக்கில், அவனோடு பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் மறைத்த குற்றத்திற்காகக் கைதானார்கள். பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்று அஞ்சி மறைப்பவருக்குப் பேரும் நிற்பதில்லை, சுதந்திரமும் நிற்பதில்லை. குடும்பத்தின் பேர், சமூகத்தின் பேர் என்று நாம் அஞ்சுவதும் இதே அச்சந்தான்.

கோர்ட்டு என்றால் நம் குழந்தை கருப்புக் கோட்டுக்காரர் நடுவில் நின்று கண்டபடி கேள்விகளுக்கு ஆளாகும் என்று தாய்மார் பயப்படுகிறார்கள். அரசு வக்கீல் பள்ளிக்கு வந்து சொல்லவேண்டியவற்றுள் முதன்மையானது இந்தப் பயத்தைத் தெளிவிப்பதே என்பது நமது அபிப்பிராயம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் உத்தியோகஸ்தர், போலீஸ் உடுப்பில்லாமல் வந்து எழுதிக்கொள்ள வேண்டும். இராக்காலத்தில் எக்காரணத்தாலும் ஸ்டேஷனில் நிறுத்திவைக்கலாகாது. விசாரணை மூடிய அறையில். பெற்றோரோ நம்பிக்கையானவரோ கூட இருக்கலாம். எதிரியைக் குழந்தை பார்க்கும்படி விடலாகாது. எதிர்க்கட்சி வக்கீல் நேராகக் குழந்தையைக் கேட்க முடியாது. கேள்விகளை நியாயாதிபதியிடம் கொடுக்க, அவர் அவற்றைக் குழந்தையிடம் கேட்பார். குழந்தையின் சாட்சியம் முப்பது நாளுக்குள், வழக்கு கூடியவரை ஒரு வருஷத்துக்குள் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. நடைமுறையில் கெடு தாண்டிவிடுகிறது என்பது பலருடைய அனுபவம். தாண்டும்போது அரசு வக்கீலைப் போய்ப் பார்த்துக் கேட்பதற்குப் பெற்றோருக்குப் பாத்தியதை உண்டு. அவர் நமக்காக நியமிக்கப்பட்டவர்; அவருக்கு நாம் ஒரு காசும் கொடுக்கவேண்டியதில்லை.

ஆனால், சகோதரர்களே, வழக்கு ஏன் தாண்டுகிறது, ஏன் தோற்கிறது என்று அவரைக் கேட்டால், அவர் நம்மையே திருப்பிக் கேட்பார். முதல்நாள் போலீசிடம் ஒன்று சொன்ன சாட்சி, மாஜிஸ்திரேட்டிடமும் அதையே சொன்ன சாட்சி, செஷன்ஸ் கூண்டில் ஏறியவுடன் ஒன்றும் தெரியாது என்கிறார். இடையிலே என்ன நடந்தது? பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். இரு வீட்டாரும் பந்துக்கள்தானே, ஒரே குலந்தானே, பெண்ணின் கதி என்னாவது என்று பேசி ஒரு தொகை முடித்தார்கள். சமாதானம் செய்துவைப்பது நம் முன்னோர் வழக்கம். வரப்புத் தகராறில் அது இன்றும் போற்றத்தக்கதே. ஆனால் குழந்தைக்குச் செய்த தீங்கு ராஜியாகக் கூடிய குற்றமே அன்று. அதைப் பேசி முடிக்க ஊராருக்கும் சங்கத்தாருக்கும் அதிகாரம் கிடையாது. அக்குழந்தையைக் கொண்டே பொய் சொல்ல வைப்பது அதற்குச் செய்யும் இரண்டாவது தீங்கு. 2011 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சுப்ரீம் கோர்ட்டு கட்டப் பஞ்சாயத்துக்களைச் சட்டவிரோதமானவை என்று கண்டித்து, அவற்றை வேரறுக்கும்படி அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டது.

இதனோடு சேர்ந்ததே மற்றொரு கொடுமை. 2018 நவம்பரில், ஓசூருக்கு அருகிலிருந்து, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இளந் தம்பதிகள் கடத்திச் செல்லப்பட்டனர். அவர்கள் பிரேதங்கள் எல்லைக்கு அப்பால் சிவசமுத்திரப் பக்கத்துக் காவிரியில் கிடைத்தன. கைதானவர் பெண்ணின் சொந்தத்தார். அவ்வருஷம் மார்ச்சு 27-இல்தான் சுப்ரீம் கோர்ட்டு, இவ்விதக் கொலைகளைத் தடுக்க ஜில்லாதோறும் தனிப்பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டுமென்று உத்தரவிட்டிருந்தது. இன்னொரு வழக்கு: 2015 ஜூனில், திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்ட பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவரின் பிரேதம் ரயில் பாதையில் கிடந்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். அரசுத் தரப்பு விசேஷ வக்கீல் கோயிலின் காமிராப் பதிவு முதலியவற்றைக் கொண்டு வழக்கை நடத்த, 2022 மார்ச்சில் மதுரைக் கோர்ட்டு பத்துப் பேரைத் தண்டித்தது. 2023 ஜூனில் ஹைகோர்ட்டும் முக்கிய எதிரிகளின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. முதல் எதிரி யாரெனில், ஒரு சாதிச் சங்கத்தின் தலைவர். சங்கம் என்ற பேரை நாமும் தாங்கியிருக்கிறோம். கல்விக்கும் உபகாரச் சம்பளத்திற்கும் ஏற்பட்ட சங்கத்திற்கு, மேஜரான பிள்ளைகள் யாரை மணக்கிறார்கள் என்று காவல் காக்கும் வேலை இல்லை என்பதை நம் வாலிபர்களுக்கு மேடையிலிருந்தே சொல்லிவைப்பது அவசியம்.

வாலிப நண்பர்களுக்கும் சிறிது சொல்கிறோம். நீங்கள் பத்தொன்பது வயது, அவள் பதினேழு, இருவருக்கும் பிரியம். அவள் இசைந்தே வந்தாள் என்பது போக்ஸோ வழக்கில் செல்லாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குச் சம்மதம் கொடுக்கும் தகுதியையே சட்டம் தரவில்லை. கீழ்வரம்புத் தண்டனை பத்து வருஷம். அவளுக்குப் பதினாறு நிரம்பாவிட்டால் இருபது. இளம் பிராயத்துக் காதலைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என்று 2021 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு ஒரு வழக்கை ரத்துச் செய்தது உண்மையே. அத்தயவு எல்லோருக்கும் கிட்டுமென்று நம்பிப் பஸ் ஏறவேண்டாம். ஒரு வருஷம் பொறுப்பது பத்து வருஷத்தினும் எளிது.

மோட்டார் சைக்கிள் விஷயமும் அப்படியே. லைசென்ஸ் இல்லாத மைனர் பையன் பெருஞ்சாலையில் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், 2019-ஆம் வருஷத் திருத்தத்தின்படி தகப்பனாருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. பண்டிகைக் காலத்துக் கூலிவேலை பற்றியும் யோசியுங்கள். 2023 அக்டோபர் 7-இல் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கிடங்கு தீப்பற்றி மாண்டவர் 14 பேருக்குக் குறையாது. தீபாவளிச் செலவுக்குச் சம்பாதிக்க வந்த தமிழ்நாட்டு மாணவர் அவர்களில் பலர். பதினெட்டு நிரம்பாதவரை வெடிபொருள் வேலையில் வைப்பது குற்றம் என்பதைப் பையன்கள் அறிவதினும் அவர்களை அனுப்பும் பெற்றோர் அறிவது முக்கியம்.

இம்முகாம்களில் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் பிரிவு எண்களை வாசித்துவிட்டு, துணித்திரைக்கு முன் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோகும் முகாம்களும் உண்டு. கன்னடமும் தெலுங்கும் வீட்டில் பேசும் மலைக்கிராமத்துக் குழந்தைகளுக்குக் கோர்ட்டுத் தமிழில் பிரசங்கம் செய்தால் அவர்களுக்கு எட்டுமா? பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிட்டு, அவர்களையே வக்கீலாகவும் சாட்சியாகவும் நிறுத்தி ஒரு மாதிரி விசாரணை நடத்தினால் நாற்பது நிமிஷத்தில் புரியும். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியே பேசவேண்டிய இடமும் உண்டு. கேட்கத் துணியாத குழந்தை எழுதிப் போட ஒரு பெட்டி வேண்டும். இவற்றையெல்லாம் நாம் விண்ணப்பமாக எழுதிக் கேட்கலாம். ஆணைக்குழுவார் இதற்கென்றே இருக்கிறார்கள்.

பெண்களுக்குச் சட்டம் தெரிந்தால் அடங்கமாட்டார்கள் என்று ஒரு பெரியவர் சற்றுமுன் நம்மிடம் தனியே சொன்னார். அவர்மீது நமக்கு மரியாதை உண்டு, பேரைச் சொல்லமாட்டோம். கவர்னர் ஜெனரலாக உயர்ந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவர், பிறந்தது இந்த ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளி. வக்கீலை ஈன்ற மண் என்று மார்தட்டும் நாம், நம் வீட்டுப் பெண் 1098 என்ற நான்கு இலக்கங்களை அறிந்துகொள்வதற்கு அஞ்சுவதாவது!

ஆகவே காரியக் கமிட்டியாரின் ஆலோசனைக்கு மூன்று விஷயங்களை வைக்கிறோம். வரன் பதிவேட்டிலும் மண்டப ரசீதிலும் மணமக்கள் இருவரின் பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ ஒட்டப்படாமல் பதிவு செய்யலாகாது. முன்பணம் கட்டிய பிறகு வயது குறைவென்று தெரிந்தால் முழுத்தொகையும் திருப்பிக் கொடுக்கப்படும், பிடித்தம் இல்லை. 2009-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்ற அறிவிப்பையும் அந்த ரசீதின் பின்புறமே அச்சிடலாம். இரண்டாவது, சங்கத்தின் மாணவர் விடுதியில் ஒரு சட்ட அறிவு மன்றம் நிறுவ, கிருஷ்ணகிரி ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதி, அரசு வக்கீல் ஒருவரை வருஷத்தில் நான்கு தடவையேனும் வரவழைப்பது. அவரோடு கன்னடமும் தெலுங்கும் தெரிந்த நம் வக்கீல் அங்கத்தினர் இருவர் கூட இருப்பது. மூன்றாவது, மண்டபச் சமையற்கட்டு வாசலில் 1098, பெண்களுக்கு 181, இனாமான சட்ட உதவிக்கு 15100, கைப்பேசி மோசடிக்கு 1930 என்ற நான்கு எண்களையும் மூன்று பாஷைகளில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பது. சமையற்கட்டு என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. முகூர்த்தத்திற்கு முந்தின இரவு, மணப்பெண்ணுக்கு வயது எத்தனை என்ற உண்மை முதலில் பேசப்படுவது அங்கேதான்.

எழுத்துச் செலவுக்கு வேண்டிய தொகையைத் தளித் தெருக் கிளையார் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தீர்மானத்தின் வாசகத்தைக் காரியதரிசி அவர்கள் இப்பொழுது படிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் அப்போதே எழுந்து சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.